யாரைக் கேட்டு மடி மாற்றினாய்?

அப்பு,

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் நடந்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். டிரெயினிங் படித்து, பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஊரே டீச்சரம்மா என்று கூப்பிடுகிற அளவுக்கு வந்த உன் பெண்டாட்டி பொன்னழகை, அவளை ஒரு வார்த்தை கேட்காமல், சென்னையில் உன் முதலாளி வீட்டுக் குழந்தையைத் தூக்கி வளர்க்கிற வேலைக்கு நீ கொடுத்துவிட்டாய். பள்ளிக்கூட மேனேஜரிடமும் நீயே போய், இனி அவள் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தாய். இதைச் செய்தது உன் முதலாளி இல்லை. முதலாளியின் மனைவி உமையாளும் இல்லை. நீ. நான் பெற்ற பிள்ளை.

இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டவில்லை. ஊருக்கு வந்திருக்கும் உங்கள் கடை ஆளிடம் திறந்தபடியே கொடுத்தனுப்புகிறேன். ரயிலில் அவர் படித்தால் படிக்கட்டும். இங்கே தலைமை வாத்தியாரும் மேனேஜரும் ஏற்கனவே படித்துவிட்டார்கள். நீ படித்து முடித்ததும் உமையாளிடம் கொடு. பச்சைக் குழந்தையிலிருந்து அவளைத் தூக்கி வளர்த்தவள் நான். அவளிடம் மறைக்க என்னிடம் எதுவும் இல்லை. தனியாகச் சொன்னால் நீ "சரி ஆத்தா, சரி ஆத்தா" என்று தலையை ஆட்டிவிட்டு அதையே செய்வாய். சின்ன வயதிலிருந்து உன் வழக்கம் அது. அதனால்தான் நாலு பேர் பார்க்க எழுதுகிறேன்.

படிக்கிற மற்றவர்களுக்காக உமையாள் பிறந்த வீட்டு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். திருமயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் செட்டியார் வீட்டில் பிள்ளை தூக்க ஒருத்தியை வைத்தால், சும்மா கூப்பிட்டு வேலை சொல்லிவிட மாட்டார்கள். விளக்கேற்றி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் ஒரு சேலையும் வைத்து, குழந்தையை அவள் மடியில் கிடத்துவார்கள். மடி மாற்றுவது என்று அதற்குப் பேர். மடியில் வாங்கிக்கொண்டவள், பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் தானாக விட்டுப் போகக் கூடாது. போனால் குழந்தைக்கு ஆகாது என்பார்கள். தாயைத் தூக்கியவளின் வீட்டிலிருந்தே மகளைத் தூக்கவும் ஆள் வந்தால் ராசி என்பார்கள். ஊரில் வேறு எந்த வீட்டிலும் இப்படி நான் கேட்டதில்லை, இது அந்த ஒரு வீட்டின் வழக்கம். உமையாளை என் மடியில் கிடத்தியதும் அப்படித்தான். இப்போது உமையாளுக்குப் பெண் பிறந்திருக்கிறது. என் இடுப்போ, கிணற்றடியில் விழுந்த நாளிலிருந்து குனிந்தால் நிமிர மறுக்கிறது. அதனால் என் இடத்தில் நீ உன் பெண்டாட்டியை உட்கார வைத்துவிட்டாய்.

மாசி மாதம் அந்தத் திருமயத்து வீட்டில் குழந்தைக்கு முடி இறக்குகிற விசேஷம் என்று சொல்லித்தான் பொன்னழகைக் கூட்டிப்போனாய். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, "நாளைக்குச் சாயங்காலம் வந்துருவேன் அயித்தே, மூணாங்கிளாஸ் சிலேட்டை மட்டும் எண்ணி உள்ள வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் பஸ் ஏறினாள். மறுநாள் சாயங்காலம் வந்தது நீ மட்டும்.

"ஆத்தா, மடி மாத்தியாச்சு. பொன்னழகு பெட்டிய எடு."

"யாரு மடியில மாத்துன?"

"அவ மடியிலதான். உமையா ஆச்சிக்கு அம்புட்டுச் சந்தோசம்."

"யாரைக் கேட்டு மாத்துன?"

"கேக்குறதுக்கு என்ன இருக்கு? என்னைப் படிக்க வச்சது அந்த வீடு. கடையில ஒக்கார வச்சது அந்த வீடு. ஒங் கடனைத்தான் நான் அடைக்கிறேன்."

"நான் வாங்காத கடனை நீ எதுக்குடா அடைக்கிற? அதுவும் அடுத்தவ கையை வச்சு?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு ஆத்தா" என்று சொல்லிக்கொண்டே நீயே பெட்டியைத் தூக்கிக்கொண்டாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பிறகு நான் உனக்கு எழுதவும் இல்லை. நீ அனுப்பிய இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. ஆத்தாவுக்குக் கோபம், தானாகத் தணியும் என்று நினைத்திருப்பாய். தணியவில்லை.

ஆனால் அப்பு, பிள்ளை தூக்குகிற வேலையை நான் கேவலமாகச் சொல்வதாக நினைத்துவிடாதே. அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வேலை எனக்குத் தெரிந்த மாதிரி உங்கள் யாருக்கும் தெரியாது. பசிக்கு அழுகிற அழுகை வேறு, வயிற்று வலிக்கு அழுகிறது வேறு, சும்மா என்னைத் தூக்கு என்று அழுகிறது வேறு. உமையாளுக்குப் பல் முளைத்த மாதத்தில் என் தோளில் கடிபடாத இடமில்லை. அவள் முதலில் நடந்தது என்னைப் பார்த்துத்தான். தூக்குகிற ஆத்தா என்பதைத் தூக்காத்தா என்று அவளாக ஒரு பேர் வைத்து, அந்தப் பெரிய வீட்டின் முன்கட்டு பின்கட்டு எல்லாம் அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு என்னைத் தேடி ஓடி வருவாள். எழுத்து எனக்கு வந்ததும் அவளால்தான். அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்த வாத்தியாருக்கு எதிரே உட்கார்ந்து நான் விசிறிக்கொண்டிருப்பேன். அவர் தாம்பாளத்து மணலில் அவளுக்கு நேராக எழுதியதெல்லாம் எனக்குத் தலைகீழ். தலைகீழாகவே படித்து வைத்துக்கொண்டேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, யாரையும் நான் கேட்கவும் இல்லை. இன்றைக்கும் பத்திரிகையைத் திருப்பி வைத்தால் எனக்கு வேகமாக ஓடும். பொன்னழகு அதைப் பார்த்துவிட்டு, "அயித்தே, ஒங்களுக்குன்னு தனியாத் தலகீழா அச்சடிக்கச் சொல்லணும்" என்று கேலி செய்வாள்.

அந்த வேலை நல்ல வேலைதான். அது என்னவெல்லாம் கேட்கும் என்பதைத்தான் நீ யோசிக்கவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், ஊரில் எல்லோரையும்விட உனக்குத்தான் அது தெரிந்திருக்க வேண்டும்.

உனக்கு நாலு வயது நடக்கும்போது உமையாளுக்கு அம்மை போட்டது. அம்மை கண்ட வீட்டில் இருப்பவள், தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் வெளியே போகக் கூடாது, வேறு வீட்டுப் படி ஏறக் கூடாது. வேப்பிலையை வைத்து விசிறிக்கொண்டு நான் அவள் பக்கத்திலேயே கிடந்தேன். அந்த நேரம் பார்த்து உனக்கும் போட்டுவிட்டது. உன் பெரியாத்தா, என் அக்கா, தெருமுனையில் நின்றுகொண்டு அந்த வீட்டுச் சமையல்காரம்மாவிடம் சொல்லி அனுப்பினாள். இரண்டு தெருதான் தள்ளி. நான் வரவில்லை. வரவும் முடியாது. உன்னை என் அக்காதான் பார்த்தாள். உனக்கும் தண்ணீர் ஊற்றிய பிறகு நான் வீட்டுக்கு வந்தேன். நீ அவள் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, என்னை நன்றாகத் தெரிந்துகொண்டே, "பெரியாத்தா, யாரு இவக?" என்று கேட்டாய்.

"ஒன்னையப் பெத்தவடா, எடுபட்ட பயலே!" என்றாள் அக்கா.

"அப்ப ஏன் நம்ம வீட்ல இல்ல?"

அக்கா சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் செய்தது குற்றம் என்று இப்போது வந்து அழுவதற்காக இதை எழுதவில்லை. உன் அப்பா போன பிறகு நம் உலைக்கு அரிசி அந்த வீட்டிலிருந்துதான் வந்தது. மறுபடி அதே நிலைமை வந்தால் மறுபடி அதைத்தான் செய்வேன். நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். அந்த வேலைக்குச் சாயங்காலம் கிடையாது. மணி அடித்தால் பூட்டிவிட்டு வீட்டுக்கு வருகிற வேலை இல்லை அது. நாளைக்குப் பொன்னழகு வயிற்றிலும் ஒன்று வரும். அது எந்தச் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு யாரைப் பார்த்து என்ன கேட்கும் என்று நினைத்துப் பார்த்தாயா?

கடன் என்றாயே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உன்னை ஹைஸ்கூலில் சேர்க்கும்போது செலவை அந்த வீடு ஏற்றுக்கொண்டது உண்மை. உமையாளின் ஆத்தா, பெரிய ஆச்சி, என்னைக் கூப்பிட்டுச் சொன்ன வார்த்தை இது: "ஒன் மகன் ஒன்னையப் பாக்காம வளந்தான். ஏம் மகளுக்காக வளந்தான். அவனுக்கு நாங்க செய்யணும்." நேர்மையான மனுஷி. அவளுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியவில்லை. அந்தக் கடனை நீ நாலு வயதிலேயே அடைத்துவிட்டாய், அப்பு. அதை இன்னொரு தடவை அடைக்க உன் பெண்டாட்டியை அனுப்ப வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கேள். இது உமையாளுக்கும் தெரிந்த விஷயம், அவள் முன்னாலேயே சொல்கிறேன். புதுக்கோட்டை ராஜாவின் சமஸ்தானம் போன வருஷத்துக்கு அடுத்த வருஷம் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். கணக்கில் அவள் புலி. நின்ற அன்றைக்கு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "தூக்காத்தா, நீ சொல்லேன், நீ சொன்னா ஆத்தா கேப்பாக" என்றாள். நானும் நம்பிக்கொண்டு இரண்டாம் கட்டுக்குப் போய்ப் பெரிய ஆச்சி முன்னால் நின்றேன்.

"ஆச்சி, பிள்ளை இன்னும் ரெண்டு வருசம் போகட்டுமே."

பெரிய ஆச்சி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை. சிரித்துக்கொண்டே, "ஒனக்கு அவமேல உசுரு, எனக்குத் தெரியும். அதுக்காக இதுல ரோசனை சொல்ற எடம் ஒனக்கு ஏது? போ, பிள்ளைக்கு எண்ணெய் தேச்சு விடு" என்றாள். நான் போய் எண்ணெய் தேய்த்துவிட்டேன். உமையாள் என் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். பத்து வருஷத்துக்கு மேல் அந்தப் பிள்ளையின் ஒவ்வொரு மூச்சையும் எண்ணினவள் நான். அவள் வாழ்க்கையில் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு இடமில்லை. வேலைக்கு வைத்தவர்கள் பொல்லாதவர்கள் என்பதனால் அல்ல. அந்த வேலை அப்படி. பாசத்தை முழுசாகக் கேட்கும், சொல் மட்டும் உன்னுடையது இல்லை.

இப்போது பொன்னழகின் பள்ளிக்கூடத்துக்கு வா. நீ கல்யாணம் முடிந்த கையோடு சென்னைக்குப் போய்விட்டாய். லீவுக்கு வந்தபோதும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்காட்டுக்கு நடுவில் ஓர் ஓட்டுக் கொட்டகை. ஒரு பக்கம் தலைமை வாத்தியார், ஒரு பக்கம் இவள். நான் இவளோடு வந்து இருக்கத் தொடங்கிய புதிதில் பெண் பிள்ளைகள் வரிசையில் ஈ காக்கை இல்லை. விசாரித்தால், எல்லாம் குளத்துக்கரையில் தம்பி தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறதுகள். தாய் தகப்பன் காட்டு வேலைக்குப் போனால் கைப்பிள்ளையை யார் பார்ப்பது? எட்டு வயதுப் பெண்ணுக்கு இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தே போயிருக்கும்.

பொன்னழகு இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் தன் பழைய சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்து உத்தரத்தில் தூளி கட்டினாள். "அயித்தே, இதை நீங்க பாத்துக்கிருவீகளா?" என்று கேட்டாள். கேட்டாள், அப்பு. செய் என்று சொல்லவில்லை. என் இடுப்பு கெட்டிருந்தாலும் கயிற்றை இழுக்கக் கை இருக்கிறதே. பிள்ளைகளோடு பெண்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு தூளி போதாமல் இன்னொன்று கட்டினோம்.

முத்தாயி என்று ஒரு பெண். அவள் மட்டும் வரவில்லை. பொன்னழகு என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கே போனாள். முந்திரிக்கொட்டை சுட்டு உடைக்கிறவன் அவள் தகப்பன், கையெல்லாம் அந்த எண்ணெய் பட்டுத் தோல் உரிந்து கிடந்தது. இவளைப் பார்த்ததும் பீடியை அணைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"டீச்சரம்மா, இவ பள்ளிக்கூடம் போயிட்டா கைப்பிள்ளைய யாரு பாக்குறது? ஒங்க பாடமா பாக்கும்?"

"பாடம் பாக்காது. எங்க அயித்தை பாப்பாக. ரெண்டு பேரையும் சேத்து அனுப்புங்க."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "கெழவி பாக்குமா?"

"கெழவி பாக்கும்டா" என்றேன் நான். "பங்களாவுல பாத்த கெழவி, ஒன் குடிசைப் பிள்ளையப் பாக்க மாட்டாளா?"

சிரித்துவிட்டான். மறுநாள் முத்தாயி தம்பியோடு வந்தாள். இதே வார்த்தையை நான் மட்டும் தனியாகப் போய்ச் சொல்லியிருந்தால், வெற்றிலை கொடுத்து அனுப்பியிருப்பான். அவன் எழுந்து நின்றது என் வயதுக்கு இல்லை. நேற்று வந்த இந்தச் சின்னப் பெண் டீச்சர் என்பதற்கு. பெரிய ஆச்சி முன்னால் எனக்கு இல்லாமல் போன இடம் இவளுக்கு இருந்தது. நான் அதைக் கண்ணால் பார்த்தேன். திரும்பி வரும்போது முந்திரிக்காட்டுப் பாதையில் நான் பின்தங்கிவிட்டேன். பொன்னழகு, "இடுப்பு வலிக்குதா அயித்தே, செத்த நேரம் ஒக்காருவமா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லி உட்கார்ந்தேன்.

பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார். தூளியைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது? பள்ளிக்கூடமா, பிரசவ ஆஸ்பத்திரியா?" என்று சத்தம் போட்டார். தலைமை வாத்தியார் சுவரோடு ஒட்டிக்கொண்டார். உன் பெண்டாட்டி நகரவில்லை. "இந்தத் தூளிய அவுத்தா, ரிஜிஸ்டர்ல இந்தக் கைப்பிள்ளைகளோட அக்கா பேரையும் அடிக்கணும் சார். எதை எடுக்கட்டும், நீங்களே சொல்லுங்க" என்றாள். அவர் என் பக்கம் திரும்பி, "நீங்க யாரும்மா?" என்றார். "நான் தூளி டீச்சருங்க" என்றேன். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. அவரும் சிரித்தார். தூளி இருந்தது.

அந்தத் தூளியை இன்றைக்கு அவிழ்க்கவில்லை. ஆனால் ஆட்டப் பிள்ளை இல்லை. நீ அவளைக் கூட்டிப்போன மாதமே வரிசை கரையத் தொடங்கியது. தலைமை வாத்தியார் ஒருவரே ஐந்து வகுப்பையும் மேய்க்கிறார். முந்திரி பழுக்கிற நேரமும் சேர்ந்துகொண்டது. முத்தாயி மறுபடி குளத்துக்கரையில் நிற்கிறாள். என்னைக் கண்டால் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறாள், அவள் ஏதோ தப்புச் செய்துவிட்டதைப் போல.

பொன்னழகு எனக்கு ஒரே ஒரு கார்டு போட்டாள். பிள்ளை நன்றாக இருக்கிறது, எல்லோரும் அன்பாக இருக்கிறார்கள், முத்தாயி வருகிறாளா என்று மூன்று வரி. பதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அந்தக் கார்டை இன்னும் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நீ சொல்லக்கூடியதையும் நான் யோசித்துவிட்டேன். அநியாயமாகப் பேச மாட்டேன். அங்கே ஃபேன் இருக்கிறது, நல்ல சாப்பாடு, சம்பளமும் இங்கே கிடைப்பதைவிடக் கூடுதல். இருக்கட்டும். புருஷன் பெண்டாட்டி ஓர் ஊரில் இருக்கலாமே என்பாய். அந்த ஆசையை நான் குறை சொல்லவே மாட்டேன். தனியாகக் கிடந்து பழகியவள், அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் ஒன்றாகவா இருக்கிறீர்கள்? அவள் மாடியில் குழந்தையோடு படுத்திருக்கிறாள். நீ கடை அறையில் மூட்டைகளோடு படுத்திருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை பின்வாசலில் நின்று பேசிவிட்டு வருகிறாயாம், குழந்தை அழுதால் அதுவும் இல்லையாம். உங்கள் கடை ஆள்தான் சொன்னார். இதற்காகவா அவளைப் பெட்டியோடு கூட்டிப்போனாய்?

பிள்ளை தூக்குகிற கைக்குப் பிள்ளை வரும் என்று உன் கடிதத்தில் எழுதியிருந்தாய். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆயிற்றே என்ற கவலை உனக்கும் இருக்கும், அவளுக்கும் இருக்கும். அந்தக் கவலையைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன். ஆனால் தூக்குகிற கைக்குத்தான் வரும் என்றால், முந்திரிக்காட்டுப் பிள்ளை ஒன்று விடாமல் தூக்கிய கை அவளுடையது. சாமிக்குக் கண்ணிருந்தால் அதையும் பார்த்திருக்கும். மற்றபடி, பிள்ளை வர வேண்டுமானால் நீ அடிக்கடி ஊருக்கு வா. இதற்கு மேல் பெற்றவள் எழுதக் கூடாது.

ஒரு குழந்தையைவிட முப்பது குழந்தை பெரிது என்று நான் கணக்குப் போடவில்லை. உமையாள் ஒருத்தி எனக்கு எந்த முப்பதுக்கும் குறைந்தவள் இல்லை. அவள் மகளும் அப்படித்தான். பொன்னழகே வந்து, எனக்கு வகுப்பு வேண்டாம், இந்தப் பிள்ளையை வளர்ப்பதுதான் பிடித்திருக்கிறது என்று சொன்னால், என் வாயை நான் மூடிக்கொள்வேன். கஷ்டப்பட்டு மூடிக்கொள்வேன். அவள் இரண்டு வேலையையும் தூக்கிப் பார்த்து, எடை பார்த்து, ஒன்றைக் கீழே வைத்திருந்தால் அது அவள் முடிவு. அவள் கையில் இருந்ததை நீ பிடுங்கிவிட்டு இதைத் திணித்தாயே, அதைத்தான் நான் தப்பு என்கிறேன். விளக்கு முன்னால், இருபது பேர் பார்க்க, மடியில் ஒரு குழந்தையைக் கிடத்திவிட்டு, "வாங்கிக்க" என்று புருஷன் சொன்னால் எந்தப் பெண்ணும் வாங்கிக்கொள்ளத்தான் செய்வாள். அதைச் சம்மதம் என்று நீ ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறாய்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். பேரம் பேசாதே. என் பிடிவாதம் உனக்குத் தெரியும்.

மேனேஜர் அந்த இடத்தில் வேறு ஆளைப் போடாமல் வைத்திருக்க வேண்டும். அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து கேட்டேன். "ஒங்க மகன் சொன்னதெல்லாம் எனக்கு ராஜினாமா இல்லம்மா. அந்தப் பொண்ணு அது வாயால சொல்லட்டும், அதுவரைக்கும் எடம் இருக்கு" என்றார். கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற நாள்வரைக்கும்தான் அந்த வார்த்தை செல்லும். அதற்கு மேல் அவர் காத்திருக்கவும் முடியாது.

தலைமை வாத்தியார் இந்த லீவிலேயே வீடு வீடாகப் போய், பெண் பிள்ளைகளைத் திரும்ப அனுப்பச் சொல்ல வேண்டும். போவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் போகாவிட்டால் நான் கம்பை ஊன்றிக்கொண்டு போவேன் என்பது அவருக்குத் தெரியும்.

நான் வைகாசி பிறந்ததும் சென்னைக்கு வருவேன். எழும்பூர் ஸ்டேஷனுக்கு நீ வந்து நிற்க வேண்டும். உமையாள் வீட்டில் பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் தங்குவேன். குழந்தையைத் தூக்க மாட்டேன், இடுப்புக் கேட்காது. பக்கத்தில் உட்கார்ந்து, எப்படிப் பிடிப்பது, எப்படிக் குளிப்பாட்டுவது, எந்த அழுகைக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் சொல்லிக்கொடுப்பேன். பொன்னழகுக்கு இல்லை. உமையாளுக்கு.

உமையாள், நீயும் படிக்கிறாய் அல்லவா, தாயே. மறுபடி விளக்கேற்று. தாம்பாளம் வை. உன் மகளை உன் மடியில் நீ வாங்கிக்கொள். மடி மாற்றினால் திருப்பக் கூடாது என்பது தூக்க வந்தவளுக்குத்தான். பெற்றவள் திரும்ப வாங்கக் கூடாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் வைத்துக்கொள், தாராளமாக வைத்துக்கொள். அவளிடம் கேட்டு வை. சாயங்காலம் அவள் வீட்டுக்கு அனுப்பு. உன் மகள் வளர்ந்து கணக்கில் புலியாக வந்தால் நடுவில் நிறுத்தாதே. இதைச் சொல்ல எனக்கு இடம் ஏது என்று நீ கேட்க மாட்டாய்.

அப்பு, நீ உன் முதலாளியிடம் போய், தப்பு என்னுடையது, வீட்டில் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று நின்று சொல்ல வேண்டும். கடிதம் எழுதக் கூடாது, ஆள் அனுப்பக் கூடாது. அவர் கோபித்துக்கொண்டால் தலையைக் குனிந்து கேட்டுக்கொள். புதுக்கோட்டையில் அவர்களுக்கு ஒரு கடை இருக்கிறது. அங்கே மாற்றிக் கேள். பெண்டாட்டியோடு இருக்கிற ஆசை உண்மையானால் அவளை உன்னிடம் இழுக்காமல் நீ இங்கே வந்து சேர். மாற்ற மாட்டோம் என்றால் மாதம் ஒரு தடவையாவது வந்து போ.

பொன்னழகு என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் நான் எழுதவில்லை. அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரிந்த மாதிரிதான் இருக்கிறது. ஆனாலும் அதை நான் சொல்லக் கூடாது, நீயும் சொல்லக் கூடாது. அவளிடம் கேள். பின்வாசலில் நின்றுகொண்டு கேட்காதே, கடற்கரைக்கோ கோயிலுக்கோ கூட்டிப்போய் உட்கார வைத்துக் கேள். போவதற்கு முன்னால் குழந்தையை உமையாள் கையில் கொடுக்கச் சொல். மடியில் ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்போது எந்தப் பெண்ணாலும் மாட்டேன் என்று வாயைத் திறக்க முடியாது. எனக்குத் தெரியும். முதலில் அவள் கை காலியாகட்டும். பிறகு கேள்.

ஆத்தா